கணினிச் சந்தேகங்கள்: கொல்லைக் கதவு

இந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்றில் கையொப்பம் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த இரண்டு தாள்களில், பழைய காலத்துப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கேள்விகளை வந்த வரிசைப்படி எடுத்துக்கொள்வது இப்பகுதியின் வழக்கம். இந்த ஒரு கடிதத்துக்காக அவ்வழக்கத்தைத் தள்ளி வைக்கிறேன். முன்னால் எழுதிவிட்டுக் காத்திருக்கும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும்.

கடிதத்தின் சாரம் வருமாறு: சகோதரியின் கணவர் ஓய்வூதியம் பெறுகிறவர், காது சற்று மந்தம். ஆகவே, வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி சகோதரியின் வசமே இருந்து வருகிறது. ஒரு நாள் நண்பகலில், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட்டான். "உங்கள் வீட்டுக்காரருடைய வாழ்நாள் சான்று பதிவாகவில்லை, இன்று மாலைக்குள் சரி செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணம் நின்றுபோகும்" என்றான். வெகு மரியாதையாக, வார்த்தைக்கு வார்த்தை "அம்மா" என்று அழைத்தே பேசினான். அவன் சொன்ன ஒரு செயலியைச் சகோதரி கைபேசியில் இறக்கிக் கொண்டார். நம் திரையில் தெரிவதையெல்லாம் அயலாருக்கும் அப்படியே காட்டுகிற செயலி அது. பத்து நிமிஷத்துக்குள், மகளின் பிரசவச் செலவுக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகை போய்விட்டது.

"என் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. படித்தவளாயிருந்தும் இப்படி ஏமாந்தேனே என்று வெட்கமாயிருக்கிறது. எல்லோரும் பார்க்கக்கூடிய திறமூல மென்பொருள்தான் பத்திரமானது என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அதை என் கைபேசியில் போட்டிருந்தால் தப்பியிருப்பேனா?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, தங்கள் கேள்விக்குப் பதில் பிறகு. முதலில் காரியம். இந்த இதழ் தங்கள் கைக்கு வரும்போது சில நாட்கள் கழிந்திருக்கும். ஆயினும் சொல்லாமலிருப்பதைக் காட்டிலும் காலதாமதமாகச் சொல்வது மேல். 1930 என்ற எண்ணை உடனே கூப்பிடுங்கள். பணமோசடிப் புகார்களுக்காக மத்திய சர்க்கார் வைத்திருக்கும் உதவி எண் அது. களவு போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஏதாவது ஒரு வங்கியில் தங்கியிருக்கும் நேரத்தில் தடுத்து நிறுத்த முடிந்தால் மீட்க வழியுண்டு. ஆதலால், இங்கே மணியும் நிமிஷமும்தான் கணக்கு. தங்கள் வங்கிக்கும் தெரிவித்து, எழுத்தில் அத்தாட்சி வாங்கிக் கொள்ளுங்கள். வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் ஏற்பட்ட நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு விதி வகுத்தது. ஒரு முறை எடுத்தவன் மறுமுறையும் வருவான். அதற்காகவே தெரிவிப்பது அவசியம். அந்தச் செயலியை நீக்கிவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி விடுங்கள்.

பிள்ளையிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கீழே வேறொரு கடிதத்துக்கு எழுதும் பதிலில் விளங்கும். இப்போது மற்றவர்களைக் கவனிக்கிறேன்.

கும்பகோணத்து வியாபாரி ஒருவர் வியாபாரிக்கே உரிய கேள்வி கேட்கிறார்: "எவனும் எதையும் சும்மா கொடுக்க மாட்டான். லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் என்று இந்த மென்பொருள்களைச் சும்மா கொடுக்கிறார்களே, இதில் என்ன சூது?"

இந்தக் குழப்பத்துக்கு ஆங்கில பாஷையே பொறுப்பு. அதில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்தான். நம் பாஷை அவ்வளவு தரித்திரமானதல்ல. 'கட்டற்ற மென்பொருள்' என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். விலை இங்கே இரண்டாம் பட்சம். ஒருவர் பம்புசெட் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். "இதன் மூடியை நீ திறக்கக்கூடாது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடாது, பழுதானால் என்னையே கூப்பிட வேண்டும், நான் வராவிட்டால் வயல் காய்ந்து போகட்டும்" என்று விற்றவன் எழுதி வாங்கிக்கொண்டால் ஒப்புவாரா? மென்பொருளில் உலகமே அதற்கு ஒப்புக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவருக்கு இந்தக் கோபம் ஓர் அச்சு இயந்திரத்தால் வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் உடனே செய்தி அனுப்பும்படி, அங்கிருந்த பழைய இயந்திரத்தின் மென்பொருளை அவர் திருத்தி வைத்திருந்தார். அதற்குப் பதிலாகப் புது இயந்திரம் வந்தது; அதன் மூலநிரலைக் கொடுக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆசாமியிடம் நேரில் போய்க் கேட்டார். "யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. 1983-ம் வருஷம் செப்டம்பரில், யாரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் கூடிய மென்பொருள்களை உண்டாக்கப் போவதாக ஸ்டால்மன் அறிவித்தார். 1991-ல் ஹெல்ஸிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸும் அதில் வந்து சேர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகத்தின் மிகப் பெரிய 500 கணினிகள் என்று பட்டியல் போடுகிறார்களே, 2017-ம் வருஷ முடிவிலிருந்து அவை அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. கும்பகோணத்து அன்பர் தம் சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டுதான் "சூது என்ன?" என்று எனக்கு எழுதியிருக்கிறார்.

செலவுக்கு என்ன வழி என்றால், பெரிய கம்பெனிகள் தங்களுக்கும் உபயோகமென்று ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. ஆனால் சம்பளமே இல்லாமல், உத்தியோகம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இதைச் செய்கிறவர்களும் ஏராளம். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மதுரையிலிருந்து ஓர் இளைஞர் கேட்பது: "எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே? மூடி வைப்பதல்லவா பத்திரம்?"

மதுரைக்காரருக்குத் திண்டுக்கல் தூரமில்லை. அங்கே பூட்டுச் செய்கிற கருமானைக் கேட்டால், உள்ளே நெம்புகோல்கள் எப்படி எழும்பித் தாழ்கின்றன என்று அவர் தாராளமாக விளக்குவார். ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியும். அதனால் திண்டுக்கல் பூட்டை யாரும் வாங்காமலிருக்கிறார்களா? ரகசியம் பூட்டின் அமைப்பில் இல்லை. தங்கள் இடுப்பில் தொங்கும் சாவியில் இருக்கிறது. இதை 1883-ம் வருஷத்திலேயே ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் பாரிஸில் எழுதி வைத்தார். ராணுவத்தின் ரகசியச் செய்தி முறை எதிரியின் கையில் அகப்பட்டாலும் கெடுதல் நேராதபடி இருக்க வேண்டும், சாவி ஒன்றே ரகசியமாயிருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. அவர் சேனாதிபதியல்ல, ஜெர்மன் பாஷை கற்பித்த உபாத்தியாயர். உபாத்தியாயர்களுக்கு உலக அனுபவம் போதாது என்பவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இன்று வங்கிகளும் வாட்ஸ்அப்பும் செய்திகளை மறைக்க உபயோகிக்கும் ஏ.இ.எஸ். என்ற முறையும் பகிரங்கமாகப் பிறந்ததுதான். 1997-ல் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனம் போட்டி ஒன்றை அறிவித்தது. 15 முறைகள் ஏற்கப்பட்டன. உலகத்திலுள்ள நிபுணர்களையெல்லாம் கூப்பிட்டு, "உடைத்துப் பாருங்கள்" என்று அவற்றைக் கொடுத்துவிட்டார்கள். 2000-ல் பெல்ஜியத்துக்காரர் இருவர் வகுத்த முறை தேர்வாயிற்று. ஒருவரும் பார்க்காத பூட்டு பத்திரமானது என்று அதைச் செய்தவன் ஒருவன்தான் சொல்ல முடியும்.

ஆனால், இதைப் படித்துவிட்டு, 'திறந்திருப்பதாலேயே பத்திரம்' என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் என் காதைத் திருகுகிறார்: "2024-ல் எக்ஸ்.இஸட். விவகாரம் நடந்ததே! திறமூல மென்பொருளில்தானே கொல்லைக் கதவு வைத்தார்கள்? ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்றீர்களே, அந்தக் கண்கள் எங்கே போயின?"

நியாயமான கேள்வி. பார்க்கலாம் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. நம் ஊர்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பாத்தியதை உண்டு. எல்லோரும் தண்ணீர் எடுக்கிறார்கள். தூர் வாருவது யார்? குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்த காலத்தில் குளம் குளமாயிருந்தது. வராமற் போனபோது, அதே பாத்தியதையோடு எல்லோருமாகச் சேர்ந்து சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஓபன் எஸ்.எஸ்.எல். என்பது இணையத்தில் வங்கிக்கும் நமக்கும் நடுவே போகும் செய்தியைப் பிறர் படிக்காமல் காக்கும் மென்பொருள். 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பில் ஒரு பிழை புகுந்தது. அதன் வழியாக வெளியாள் ஒருவன் ஸர்வரின் ஞாபகத்திலிருந்து துண்டு துண்டாகத் திருட முடியும். அந்தத் துண்டில் கடவுச்சொல்லும் இருக்கலாம். 2014 ஏப்ரல் 7-ந் தேதிதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்த பிழை! அதற்கப்புறம் விசாரித்தபோதுதான், உலக வியாபாரமே நம்பியிருந்த அந்த மென்பொருளுக்கு முழுநேரமும் உழைக்க ஒரே ஓர் ஆள் இருந்தார் என்றும், வந்த நன்கொடை வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர் என்றும் வெளியாயிற்று. பிறகு பெரிய கம்பெனிகள் வெட்கப்பட்டுப் பணம் திரட்டின.

அது தவறுதலாக நேர்ந்தது. எக்ஸ்.இஸட். விவகாரமோ வேண்டுமென்றே செய்தது. அதை நிதானமாகச் சொல்கிறேன். கையொப்பமிடாத சகோதரியும் இதைப் படிக்க வேண்டுகிறேன்.

கோப்புகளைச் சுருக்கி மடித்து வைக்கும் சிறு மென்பொருள் எக்ஸ்.இஸட். பார்வைக்கு எளிய காரியம். ஆனால் லினக்ஸ் ஓடும் இடங்களிலெல்லாம் அது உண்டு. இதைப் பல வருஷங்களாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்து தேசத்து லாஸ்ஸே காலின். சம்பளம் கிடையாது; ஓய்வு நேரத்து வேலை. 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பினார். எல்லாம் சரியான, உபயோகமான திருத்தங்கள். பேச்சும் இனிய பேச்சு. 2022-ல், இதுவரை யாரும் கேள்விப்படாத சிலர் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். "வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது? முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படைத்தால் என்ன?" என்ற தோரணையில் காலினை நெருக்கினார்கள். முன்போல் உழைக்க இயலவில்லை என்றும், இது ஊதியமில்லாத வேலை என்றும் அவர் உள்ளதைச் சொன்னார். நெருக்கியவர்களோ விடுவதாயில்லை. பக்கத்திலேயே நல்ல பிள்ளையாக, உழைக்கத் தயாராக, ஜியா டான் நின்றுகொண்டிருந்தார். மெள்ள மெள்ளச் சாவிக்கொத்து கைமாறிற்று. நெருக்கிய பெயர்கள் அதன் பிறகு எங்கும் காணப்படவில்லை.

2024 பிப்ரவரியில் 5.6.0 என்ற பதிப்பும், மார்ச்சில் 5.6.1-ம் வெளிவந்தன. அவற்றில்தான் கொல்லைக் கதவு. அதை வைத்த விதத்தைக் கவனியுங்கள். அதன் கருவை, பரீட்சைக்காக வைக்கும் உபயோகமற்ற கோப்பு போலத் தோன்றும்படி சுருக்கி ஒளித்திருந்தார்கள். அதை எழுப்பிவிடும் வரிகளோ, எல்லோரும் பார்க்கிற மூலநிரலில் இல்லை. பொட்டலமாகக் கட்டி வெளியிடும் பிரதியில் மட்டுமே சேர்க்கப்பட்டிருந்தன. ஹோட்டல் சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்துவிட்டு, பொட்டலம் கட்டும் அறையில் கலப்படம் செய்வது போலத்தான். தூரத்திலிருந்து ஸர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.ஹெச். என்ற வாசல் வழியாக, தங்களிடமுள்ள ஒரு ரகசியச் சாவியைக் காட்டி உள்ளே புகுந்து இஷ்டப்படி ஏவல் செய்யலாம். தங்கள் சாவியைத் தவிர வேறெதற்கும் திறக்காதபடி வைத்திருந்தார்கள். கெர்க்ஹாஃப்ஸ் உபாத்தியாயரின் பாடத்தைத் திருடர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள்!

இதைக் கண்டுபிடித்தவர் போலீஸாரல்ல, உளவுத்துறையுமல்ல. மைக்ரோஸாப்ட் கம்பெனியில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்பவர், போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு திறமூல மென்பொருளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.ஹெச். வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறது என்று கவனித்தார். அரை விநாடி! நம்மில் யாராயிருந்தாலும் கொட்டாவி விட்டுவிட்டுப் போயிருப்போம். அவர் போகவில்லை. ஏன் என்று தோண்டினார். மூலநிரல் திறந்திருந்தபடியால் தோண்ட முடிந்தது. மார்ச் 29-ந் தேதி, கண்டதைக் கண்டபடி பொதுவில் எழுதிப் போட்டார். பல லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் கதவு அதற்குள் புகுந்திருந்தது. எல்லோரும் உபயோகிக்கும் நிலையான பதிப்புகளை அநேகமாக எட்டவில்லை. உடனே பழைய பதிப்புக்குத் திரும்பினார்கள். ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னாலிருந்த ஆளோ கூட்டமோ இன்னார் என்று நிரூபிக்கப்படவில்லை.

ஆகவே, கோயம்புத்தூர் மாணவருக்கு என் பதில் இது: ஆயிரம் கண்கள் என்பது மிகை; நான் எழுதியிருந்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு வேலை செய்தவை இரண்டே கண்கள். ஆனால் அந்த இரண்டு கண்களுக்கும் பார்க்க வழி இருந்தது. பார்த்ததைச் சொல்ல யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. மூடிய மென்பொருளில் இப்படி ஒரு கதவு இருந்தால், அரை விநாடித் தாமதத்தைக் கண்டவர் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, சகோதரி. லாஸ்ஸே காலின் கணினித் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவரை ஏமாற்றிய யுக்தி எது? இனிய பேச்சு, உதவி செய்கிற பாவனை, அப்புறம், சீக்கிரம், சீக்கிரம் என்ற நெருக்கடி. தங்களை ஏமாற்றியதும் இதே மூன்றுதான். அவரிடம் இரண்டு வருஷம் செலவழித்தார்கள். தங்களிடம் பத்து நிமிஷம். தங்கள் கைபேசியில் எந்த மென்பொருளைப் போட்டிருந்தாலும் அது தடுத்திருக்காது. பூட்டை அவன் உடைக்கவில்லை. உள்ளேயிருந்தவர் கையாலேயே திறக்கும்படி செய்தான்.

ஆனால் பின்னால் நடந்ததையும் பாருங்கள். காலின் தம் பெயர் கெட்டுவிட்டதே என்று ஒளிந்து கொள்ளவில்லை. நடந்ததை எழுதி வைத்தார். சேர்க்கப்பட்ட மாறுதல்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். மே மாதத்தில் கொல்லைக் கதவு நீங்கிய பதிப்பை வெளியிட்டார். பிழை நேர்ந்தால் பகிரங்கமாகச் சொல்லிவிடுவது என்பதுதான் இந்தத் திறமூலக்காரர்களிடம் நான் கண்ட மிகப் பெரிய குணம். நம் வீடுகளில் அது இல்லை. என் வீட்டிலேயே இருந்ததில்லை.

ஒரு சமயம், மின்சாரக் கட்டணம் பாக்கி என்றும், இரவு ஒன்பது மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும் என்றும் எனக்கு ஒரு செய்தி வந்தது. கட்டணம் கட்டிய ரசீது மேஜை அறையில் கிடந்தது. இருந்தும், விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், பரீட்சை அவசரம் ஒரு பக்கம். செய்தியிலிருந்த எண்ணைக் கூப்பிட்டேன். அவன் சொன்ன செயலியையும் இறக்கினேன். பத்து ரூபாய் மட்டும் அனுப்பிப் பதிவை உறுதி செய்யச் சொன்னான். நல்ல வேளையாகக் கைபேசியில் மின்சாரம் தீர்ந்து அணைந்து போயிற்று. மின்சாரத்தின் பெயரால் வந்த ஆபத்து மின்சாரம் இல்லாமையால் நீங்கிற்று! ஆனால் நான் செய்தது என்ன? வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கணினியைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிறவன் அல்லவா? நான்காம் நாள் அதே செய்தி என் மைத்துனருக்கும் வந்தது. அவருக்குச் சமயத்தில் மின்சாரம் தீரவில்லை. நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் அவர் பணம் தப்பியிருக்கும். இதை இன்றுவரை அவரிடம் நான் சொன்னதில்லை. அவரும் இந்தப் பத்திரிகையின் நேயர்தான், இப்போது தெரிந்துகொள்வார்.

ஆகவே பிள்ளையிடம் சொல்லுங்கள், சகோதரி. பக்கத்து வீட்டு அம்மாளிடமும் சொல்லுங்கள். அந்த "அம்மா, அம்மா" குரல் அடுத்தாற்போல் அவரைத்தான் கூப்பிடும்.

மிச்சமுள்ளவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன்.

திருநெல்வேலி அன்பர்: "அடிக்கடி அப்டேட் கேட்டு உபத்திரவம் செய்கிறது. வேலை கெடுகிறதே என்று விட்டுவிடுகிறேன். தவறா?"

தவறுதான். 2017 மார்ச்சில் விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோஸாப்ட் திருத்தம் வெளியிட்டது. மே 12-ந் தேதி அதே ஓட்டை வழியாக 'வான்னக்ரை' என்ற நாச மென்பொருள் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மருந்து வந்து இரண்டு மாதமாகியும் சாப்பிடாதவர்களுக்கு வந்த நோய் அது. திருத்தம் வெளியானவுடனே, ஓட்டை எங்கேயிருந்தது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அப்டேட்டைக் கைபேசியின் அமைப்புகளுக்குள் போய்ச் செய்யுங்கள். யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டுச் செய்வது அப்டேட் அல்ல, அது வேறு.

சேலத்து மாணவி: "எங்கள் வீட்டிலிருப்பது பழைய விண்டோஸ் 10 மடிக்கணினி. கடைக்காரர் ஒரு திருட்டு விண்டோஸும் ஆபீஸும் போட்டுத் தருகிறேன், வைரஸ் தடுப்பை மட்டும் சற்று நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறார். போடலாமா?"

காவற்காரனை வெளியே அனுப்பினால்தான் உள்ளே வருவேன் என்கிறவனுக்குக் கதவைத் திறப்பதுண்டா, அம்மா? விண்டோஸ் 10-க்குப் பொதுவாகத் தந்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது வாஸ்தவம். அந்த மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டுப் பாருங்கள். முதலில் விரலி ஒன்றில் ஏற்றி, உள்ளேயிருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிரந்தரமாகப் போடலாம். போடுவதற்கு முன் கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்வது முக்கியம். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் போதும். தமிழும் நன்றாக வரும். இறக்குவது அவரவர் சொந்த இணையதளத்திலிருந்தே இருக்க வேண்டும். தேடும்போது மேலே விளம்பரமாக வருவதை நம்ப வேண்டாம். ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: தமிழ்நாட்டுச் சர்க்கார் 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் ஸ்தாபனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். என் வகுப்புப் பையன்களில் அதைத் திறந்து பார்த்தவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். திறந்து பார்க்க நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியாக, மயிலாப்பூர்ப் பாட்டியம்மாள் ஒருவர்: "கடவுச்சொற்களை நோட்டில் எழுதி வைத்தால் பேரன் சிரிக்கிறான். எழுதலாமா, கூடாதா?"

தாராளமாக எழுதுங்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு ஞாபகத்தில் இருக்கிறது என்று பேரன் பெருமைப்படுவானானால், தங்கள் நோட்டுப் புத்தகம் அதைவிட எவ்வளவோ மேல். ஓரிடத்தில் களவு போன கடவுச்சொல்லை மற்ற இடங்களிலும் போட்டுப் பார்ப்பதுதான் திருடர்களின் முதல் வேலை. ரஷ்யாவிலோ நைஜீரியாவிலோ இருக்கிறவன் தங்கள் பீரோவைத் திறக்க முடியாது. நீளமாக, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறாக எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வங்கி அட்டையின் நாலு இலக்க எண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். அட்டையின் உறையிலும் எழுத வேண்டாம். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்பது மட்டும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். சிரிக்கிற அந்தப் பேரனுக்கே தெரிந்திருக்கலாம்.